அர்ச்சுனன் தபசுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் திருக்கழுக்குன்றத்தில் 36 ஆண்டுகள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். 1984இல் திறந்தேன், 2020இல் மூடினேன். மாமல்லபுரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக்கொண்டதும் அதே 1984இல்தான். எங்கள் ஊரிலிருந்து மாமல்லபுரம் 15 கிலோமீட்டர். கல்யாணமான ஜோடிகளைப் படமெடுக்க அழைத்துப்போனது, வெளியூரிலிருந்து வந்த உறவினர்களுக்குச் சுற்றிக் காட்டியது, கேமராவை மாட்டிக்கொண்டு தனியாகப் போனது எல்லாம் சேர்த்தால் சில நூறு தடவையாவது அந்தப் பாறைகளுக்கு முன்னால் நின்றிருப்பேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். 11 வயது. ஒரு சனிக்கிழமை மாலை அவளை மாமல்லபுரம் அழைத்துப்போனேன். அர்ச்சுனன் தபசு என்ற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் போய் நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பகலில் பாறையின் அனலுக்குப் பயந்து ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிற ஜனம், ராத்திரியில் நிதானமாக நிற்கிறது. குழந்தையைத் தோளில் தூக்கி யானையைக் காட்டுகிறார்கள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே சாலையோரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

பேத்தியிடம் பெரிய யானையின் காலடியைக் காட்டினேன். அங்கே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. அவள் தன் அம்மாவின் போனில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, எலியெல்லாம் குழி குழியா இருக்கே, யாராவது பேத்து எடுத்துட்டாங்களா?”

போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பாறையிலிருந்து புடைத்து நிற்கும் எலிகள் அந்தப் படத்தில் உள்ளே குடைந்ததுபோல் தெரிந்தன. போனை அப்படியே தலைகீழாகத் திருப்பி அவள் கையில் கொடுத்தேன். எலிகள் வெளியே வந்துவிட்டன! அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேராகப் பிடித்தால் குழி, தலைகீழாகப் பிடித்தால் எலி. அவளுக்கு அது வித்தையாக இருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

காரணம் சின்னது. நாங்கள் நின்ற இடத்தில் வெளிச்சம் தரையிலிருந்து மேல்நோக்கி அடித்தது. நம் கண் சூரியனுக்குக் கீழே பழகிய கண். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொண்டு, நிழல் விழுகிற பக்கத்தை வைத்து இது மேடு, இது பள்ளம் என்று முடிவு செய்கிறது. விளக்கு கீழே இருந்தால் நிழல் மேல்பக்கம் விழும். நேரில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைக் கணக்குப் போடுவதால் ஓரளவு சமாளித்துக்கொள்கிறோம். படத்தில் அந்த உதவியும் போய்விடுகிறது. யானை மாதிரிப் பெரிய உருவம் தப்பித்துக்கொள்ளும், யானை எப்படி இருக்கும் என்று நமக்கு முன்பே தெரியும். எலி, கைவிரல், துணி மடிப்பு, விலா எலும்பு மாதிரி நுணுக்கமான வேலைதான் அடிபடுகிறது.

ஸ்டூடியோவில் தொழில் கற்க வரும் பையன்களுக்கு முதலில் சொல்லித் தருவது முகத்துக்கு விளக்கு வைப்பதைத்தான். மெயின் லைட்டை ஆளின் தலைக்கு மேலே, ஒரு பக்கமாக, 45 பாகை சாய்வில் நிறுத்த வேண்டும். மறுபக்கத்து நிழல் கரியாகிவிடாமல் தாங்கிக்கொள்ள மங்கலாக ஒரு ஃபில் லைட். நேர் எதிரே வைத்தால் மூக்கு அமுங்கி முகம் தட்டு மாதிரி ஆகிவிடும். தரையில் வைத்து மேலே அடித்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறும். கோயில் திருவிழா நாடகத்தில் பேய் வரும் காட்சிக்கு அப்படித்தான் விளக்கு வைப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு யாரும் அப்படி வைப்பதில்லை. எங்களிடம் 20 ரூபாய்க்கு பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவருக்குக்கூட விளக்கை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவேன். 1300 ஆண்டுகளாக வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற அந்த முகங்களுக்கு அந்தக் கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

இதை வெறும் போட்டோக்காரனின் ஆசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாறையைச் செதுக்கியவர்கள் வெயிலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், நாலு மாடி உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பாறை கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. காலை 7 மணிக்குப் போனால் வெயில் நேராக முகத்தில் விழும். எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் சற்றுத் தட்டையாக இருக்கும். 11 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். சூரியன் உச்சிக்கு ஏறியிருக்கும், வெயில் பாறையை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் அர்ச்சுனன் தபசின் நேரம். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பை எண்ணலாம். நடுவிலுள்ள பிளவில் கைகூப்பி மேலே வரும் நாகர்களின் வால் நெளிவு தெரியும். கீழே, தலை உடைந்துபோன முனிவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அருகில், ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. என்ன ஒரு மான் அது! அதன் முதுகு வளைவில் ஓடும் மெல்லிய நிழல் அந்த நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும். சூரியன் பாறைக்குப் பின்னால் சாய்ந்துவிட்டால் மத்தியானம் முழுக்க நிழல்தான்.

தவசி அர்ச்சுனனா பகீரதனா என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்டுத் தவம் செய்த அர்ச்சுனன் என்று ஒரு சாரார், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று ஒரு சாரார். பாறையின் தலைக்கு மேலே தண்ணீர் தேக்கும் தொட்டி இருந்ததற்கு அடையாளம் இருப்பதால், பிளவு வழியாகத் தண்ணீரை விட்டிருப்பார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் மிகவும் பிடித்தது தண்ணீர்தான். நனைந்த கல்லில் நாகரின் உடம்பு எப்படி மின்னியிருக்கும் என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணன், அவன் நிழலில் ஒண்டிய ஆயர்கள். ஒரு ஆள் உட்கார்ந்து பால் கறக்கிறான், பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொண்டே நிற்கிறது. பல்லவர் காலத்தில் அதுவும் அர்ச்சுனன் தபசு மாதிரித் திறந்தவெளிப் பாறைதான். விஜயநகரக் காலத்தில் முன்னால் தூண் நிறுத்தி மண்டபம் கட்டினார்கள். கல்லுக்கு அது நல்ல பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் அன்றோடு அந்தப் பசுவுக்கு மேலிருந்து வெயில் விழுவது நின்றுபோனது. வெளிச்சம் மாறினால் சிற்பமே மாறுகிறது என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம்.

நான் இப்படித் தீர்மானமாகப் பேசுவதற்கு ஒரு ராத்திரிதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரநாள். கூட்டமே இல்லை. பாறைக்கு எதிரே சாலையோரம் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கரண்ட் போய்விட்டது. விளக்குகள், கடைகள், தெருவிளக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் சாலையின் தெற்கு முனையில் ஒரு லாரி திரும்பியது. பாறைக்கு முன்னால் அதை ஒட்டியேதான் சாலை போகிறது. லாரியின் ஹெட்லைட் பாறையைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டே வந்தது. முதலில் வேடர்கள் எழுந்தார்கள். அப்புறம் சிவனும், அவர் பக்கத்தில் கையைத் தூக்கி நிற்கும் தவசியும். பிளவு மட்டும் கிணறு மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. அதைத் தாண்டி வெளிச்சம் வலப்பக்கப் பாறைக்குப் போனபோது அந்தப் பெரிய யானை ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தது மாதிரி இருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே இருக்கும் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. மொத்தம் நாலைந்து விநாடி இருக்கும். லாரி போய்விட்டது, மறுபடி இருட்டு. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா, “சாமி, பாத்தியாப்பா அதை?” என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் பட்டனை அழுத்தவில்லை, அந்தப் படம் என்னிடம் இல்லை. அதுபோல ஒரு காட்சியை அதற்கு முன்போ பின்போ அந்தப் பாறையில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாமல்லபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் என் சிற்பி நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பட்டறையின் டியூப்லைட்டை அணைத்தார். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில் போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார். டியூப்லைட்டில் வழவழவென்று தெரிந்த வயிற்றில் உளி விட்ட தடம் வரிவரியாக எழும்பியது. “மேடு பள்ளம் பாக்கணும்னா நாங்க இப்படித்தான் பாப்போம். நேரா விளக்கு காட்டினா கல்லு பொய் சொல்லும்,” என்றார். வாழ்நாள் முழுக்க உளி பிடித்த கை அது. அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

மாமல்லபுரத்தை ராத்திரியில் படமெடுப்பது புதுசு இல்லை. மார்கழி, தை மாதங்களில் நடக்கும் நாட்டிய விழா முன்பு அர்ச்சுனன் தபசுக்கு எதிரேயே மேடை போட்டு நடந்தது. நான் பிலிம் கேமராவோடு போவேன். 36 படம் கொண்ட ஒரு சுருளில் நாலு தேறினால் நல்ல ராத்திரி. பகல் வெளிச்சத்துக்கான பிலிமில் குண்டு பல்பு வெளிச்சம் ஒரே ஆரஞ்சாக விழும், பாறைக்கு மஞ்சள் காமாலை வந்தது மாதிரி இருக்கும். கணக்குப்படி 10 விநாடி போதும் என்றாலும் நீண்ட நேரத்துக்குப் பிலிம் சோர்ந்துபோகும், அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது கழுவிப் பார்த்தபிறகுதான் தெரியும். எங்கள் ஊர் சங்கு தீர்த்தக் குளத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை லட்சதீபம் ஏற்றுவார்கள். 2016இல் நடந்ததை நான் டிஜிட்டலில் எடுத்தேன். எடுத்த உடனே பார்த்து, தப்பைத் திருத்தி, மறுபடி எடுத்தபோது எத்தனை நிம்மதியாக இருந்தது! இப்போது போனிலேயே இரவுக்கென்று தனி வசதி வந்துவிட்டது. அசையாமல் மூன்று விநாடி பிடித்தால் போதும்.

2019 அக்டோபர் 11 அன்று நம் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் மூன்றையும் மாலையில் சுற்றிப் பார்த்தார்கள். விளக்கொளியில் கடற்கரைக் கோயிலை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கப்புறம்தான் ராத்திரி பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருவது அதிகமானது என்பது என் அனுபவம். ஆகவே விளக்கு போட்டவர்களைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. விளக்கு வந்ததால்தான் ஜனம் வந்தது. வந்த ஜனம் சரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து ரதத்துக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. அவை தனித்தனியாக நிற்கும் உருவங்கள். எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் மறுபக்கம் இருட்டு விழுந்து உருண்டை தெரிந்துவிடும். திரௌபதி ரதத்தின் கூரை, குடிசைக்கு வேய்ந்தது மாதிரி வளைந்து இறங்குவது ராத்திரியில்தான் இன்னும் அழகு. சகதேவ ரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் யானையைப் பின்னாலிருந்து பார்த்தால், ரதத்தின் முதுகும் யானையின் முதுகும் ஒரே வளைவாக இருப்பது தெரியும். அதைக் குழந்தைகளுக்குக் காட்ட மறக்காதீர்கள்.

கடற்கரைக் கோயிலின் சங்கதி வேறு. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய அந்தக் கோயிலின் சிற்பங்களை உப்புக்காற்று தின்று மழுக்கிவிட்டது. மழுங்கிய சிற்பத்துக்கு வெளிச்சத்தின் சாய்வு இன்னும் முக்கியம். பலமான விளக்கை நேராக அடித்தால் மிச்சமிருக்கிற கோடும் மறைந்துவிடும். மங்கலாக, சாய்வாக வைத்தால் வயிற்றுக் குழியில் துர்க்கையை வைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சிங்கத்தின் பிடரி கூடத் தெரியும்.

கடற்கரைக் கோயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தை பிறந்ததிலிருந்து பங்குனி, சித்திரை வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 50 நாள் போல ஆனதும் குஞ்சுகள் ராத்திரியில் மணலைக் கிளறி வெளியே வரும். எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கடல் என்று ஓடும். கரையில் வெளிச்சம் பலமாக இருந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கும். இதற்காகவே இளைஞர்கள் ராத்திரி முழுக்கக் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். கோயிலுக்குப் போடும் வெளிச்சம் கோயில் மேல் மட்டும் விழும்படி மறைப்பு வைத்தால், வானத்துக்கும் மணலுக்கும் சிதறாது. அப்படி அளவாக வைக்கிற விளக்கில்தான் சிற்பமும் நன்றாகத் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

கலர் மாறும் விளக்குகளைப் பற்றியும் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில், பாலத்தில், நீரூற்றில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி வரட்டும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். சிற்பத்தின் மேல் வேண்டாம். ஒரு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் கண் அதில் நிலைப்பதற்கே அரை நிமிடம் வேண்டும். அதற்குள் நிறம் மாறினால் கண் நிறத்தின் பின்னால் போய்விடும். மாமல்லபுரத்துக் கல் மங்கின பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். 3000 கெல்வின் அளவிலான இளமஞ்சள் வெளிச்சம் அதற்குப் போதும், மாலை வெயில் மாதிரி இருக்கும். நீலம் கலந்த வெள்ளை அடித்தால் அதே கல் சிமென்டு மாதிரி ஆகிவிடும்.

படமெடுக்க வருகிற பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், எனக்குப் பழகியதை இங்கே எழுதுகிறேன். முழு இருட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சூரியன் மறைந்து வானம் கருநீலமாகும் நேரம் ஒன்று உண்டு, நம் ஊரில் அது 20 நிமிடத்துக்கு மேல் தங்காது. அர்ச்சுனன் தபசைப் பார்க்கும்போது நாம் மேற்கே பார்த்து நிற்கிறோம். ஆகவே பாறையின் தலைக்குப் பின்னால் வானம் கொஞ்ச நேரம் ஒளி விட்டுக்கொண்டிருக்கும், விளக்கும் எரிய ஆரம்பித்திருக்கும். இரண்டும் சமமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடுத்த படத்துக்கு ஈடே இல்லை. கடற்கரைக் கோயிலுக்குப் பௌர்ணமியன்று போக வேண்டும். சூரியன் இந்தப் பக்கம் இறங்கும்போதே அந்தப் பக்கம் கடலிலிருந்து நிலா எழும். போகுமுன் அன்றைக்கு எத்தனை மணி வரை உள்ளே விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கிறது.

ஃப்ளாஷ் போடாதீர்கள். 15 அடிக்கு மேல் அது எட்டாது, எட்டினாலும் நேர் வெளிச்சம்தான், கல் தட்டையாகிவிடும். கேமராவில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, நேரம் 8 முதல் 15 விநாடி, இதில் ஆரம்பித்துப் பாருங்கள். விரல் பட்டாலே ஆடும், அதனால் 2 விநாடி டைமர் வையுங்கள். விளக்குக்குப் பக்கத்திலுள்ள கல் வெளுத்துப்போனால் நேரத்தைக் குறையுங்கள். இருட்டாக விழுந்ததைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளுத்தது திரும்ப வராது. வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடினால் கேமராவைக் கோபிக்க வேண்டாம். சில எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் நின்றுவிடும். ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுத்தால் கடற்கரை ஈரத்தில் லென்ஸ் வேர்த்துவிடும். 20 நிமிடம் பையிலேயே வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உப்பை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் ஸ்டாண்டு வைக்கக் கூடாது. நான் அந்த விதியை மதிக்கிறேன். கூட்டத்தில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? நான் பழைய துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி எடுத்துப்போய், அதன்மேல் கேமராவை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையையே ஓரிடத்தில் காவலர் ஒருவர் எடுக்கச் சொன்னார். வேறோர் ஊரில் நல்ல அனுமதிக் கடிதத்தோடு போன கல்லூரிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன். யாரிடம், எப்படி, எத்தனை நாளுக்கு முன் கேட்க வேண்டும் என்பதை வாசலில் தமிழில் ஒரு பலகையாக எழுதி வைத்தால் காவலருக்கும் சங்கடம் இல்லை, வருகிறவருக்கும் இல்லை. மாதத்தில் ஒரு நாள், கூட்டம் குறைந்தபிறகு ஒரு மணி நேரம், பேர் கொடுத்துவிட்டு ஸ்டாண்டோடு வரலாம் என்று வைத்தால் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் பயன்பெறுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்தது. விளக்குகள் என்றைக்கும் அப்படியே இருப்பதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது, வரைபடத்தில் புள்ளி வைத்து விளக்கு நடுவதற்கு முன்னால், ஒரே ஒரு ராத்திரி அந்த ஊர்ச் சிற்பிகளைக் கூப்பிடுங்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, அங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையின் தெற்கு ஓரத்திலிருந்து வடக்கு ஓரம் வரை நடந்து பார்க்கட்டும். எந்த இடத்தில், எந்த உயரத்தில் பிடித்தால் யானை நடக்கிறது, எங்கே பிடித்தால் மான் மூக்கைச் சொறிகிறது என்று அவர்கள் சொல்லட்டும். அந்த இடத்தைச் சுண்ணாம்பில் குறித்துக்கொண்டால் மற்றதை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாறையில் ஆணி அடிக்கக் கூடாது, உயரமான கம்பம் நட்டால் பகலில் கண்ணை உறுத்தும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓரத்திலுள்ள மரங்களின் மறைவில் வைக்கலாமா, மாலையில் நிறுத்தி இரவில் எடுத்துவிடும் கம்பம் சரிவருமா என்று யோசிக்க வல்லவர்கள் இருக்கிறார்கள். தரை விளக்கு அத்தனையையும் பிடுங்கச் சொல்லவில்லை. அதை மங்கலாக்கி ஃபில் லைட்டாக வைத்துக்கொள்ளலாம். மெயின் லைட் மட்டும் மேலேயும் பக்கத்திலும் இருந்து வரட்டும்.

என் ஸ்டூடியோவை மூடியபோது 500 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டையும், 10 அடி உயரும் ஸ்டாண்டு ஒன்றையும் விற்காமல் வைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்கும் ராத்திரிக்கு அவை பயன்படும். 100 அடி வயரும் இருக்கிறது. கூப்பிட்டால் அன்று மாலையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பேத்தியையும் அழைத்து வருவேன், அவள் அந்த எலிகளை இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருக்கழுக்குன்றம்.